காந்தம் தட்டினால் கை எழுமா?

மலாக்கா மாநிலத்தில் உள்ள புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டு தான் சாய் யான் என்பவர் ரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாயாவில் வணிக நோக்கத்துடன் உருவான முதல் ரப்பர்த் தோட்டமாக அது கருதப்படுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் புக்கிட் அசஹானிலும் அவர் பெரிய தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களில் பால்மரம் சீவிய கைகளுள் பல, தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோரின் கைகள்.

மரம் சீவுவது எளிய வேலையன்று. பொழுது விடியும் முன்பே நெற்றி விளக்கின் ஒளியில் பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்திற்குக் காயம். மேலோட்டமாகச் சென்றால் மங்கில் பால் சேராது. எவ்வளவு அழுத்த வேண்டும், எந்தச் சாய்வில் இழுக்க வேண்டும் என்று கையே அறிந்திருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அதனை அறிந்திருப்பது மூளை. ஆயிரமாயிரம் முறை செய்த பழக்கத்தால் மூளையில் பதிந்த திறன் அது.

அத்தகைய கை ஒரு நாள் திடீரென்று அசைய மறுத்தால் என்ன ஆகும்?

ஓர் இல்லத்தைக் கற்பனை செய்து பாருங்கள். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தா, காலையில் தேநீர்க் கோப்பையை எடுக்கிறார். கோப்பை நழுவிக் கீழே விழுகிறது. வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறது. பேச்சு குழறுகிறது. “கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்” என்கிறார் ஒருவர். “தைலம் தேய்த்துவிடலாம்” என்கிறார் மற்றொருவர். பள்ளிக்குப் புறப்பட்ட பேத்தி மட்டும், “இல்லை அம்மா, தாத்தாவை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்” என்று சொல்லித் தொலைபேசியை எடுக்கிறாள். மூவரும் தாத்தாவின்மேல் அன்பு கொண்டவர்களே. ஆனால், அவரது கையைக் காப்பாற்றக்கூடிய சொல் பேத்தியின் சொல்தான்.

காற்றா, இரத்தமா?

இந்நோயை நாம் பக்கவாதம் என்கிறோம். ‘வாதம்’ என்னும் சொல் காற்றைக் குறிக்கும். மலாய்மொழியிலும் இதனை ‘அங்கின் அஹ்மார்’ என்பர். ‘அங்கின்’ என்றாலும் காற்றுதான். உடலில் ஏதோ காற்றுப் புகுந்து ஒரு பக்கத்தைச் செயலிழக்கச் செய்துவிட்டது என்று இரு மொழியினரின் முன்னோரும் எண்ணியதை இச்சொற்கள் காட்டுகின்றன. ஆனால், நோயின் இருப்பிடம் கையுமன்று, காரணம் காற்றுமன்று. மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தில் ஏற்படும் தடையே பக்கவாதத்திற்குக் காரணம்.

பக்கவாதம் இரு வகைப்படும். இரத்தக் குழாயை இரத்தக்கட்டி ஒன்று அடைத்துக்கொள்வது ஒரு வகை. பெரும்பாலோர்க்கு ஏற்படுவது இதுவே. இரத்தக் குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது மற்றொரு வகை. இரண்டிலும் மூளையின் ஒரு பகுதிக்கு உயிர்வளி கிடைக்காமல் போகிறது. பெரிய இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டு, சிகிச்சையும் கிடைக்காதபோது, ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறக்குறைய 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிவதாக மருத்துவ ஆய்வொன்று கணக்கிட்டுள்ளது.

இதனால்தான் நேரம் முக்கியமாகிறது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தைப் பொதுவாக அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன்னர், மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்பதை வருடிப் படம் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். தோட்டத்திலிருந்து நகர மருத்துவமனைக்குச் செல்லும் பயண நேரமும் இந்த நாலரை மணி நேரத்தில் அடங்கும். ஆகவே, முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சு குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அறிகுறி தோன்றிய நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மூளையில் உள்ள கை

உயிர் பிழைத்த பிறகும் பலருக்குக் கையின் அசைவு முழுமையாகத் திரும்புவதில்லை. கையின் தசையும் எலும்பும் நலமாகவே இருக்கும். ஆனால், அவற்றுக்கு ஆணையிடும் இடம் பழுதாகியிருக்கும்.

மூளையின் மேற்பரப்பில், உச்சந்தலையிலிருந்து காதை நோக்கி இறங்கும் ஒரு பட்டையான பகுதி உள்ளது. அது இயக்கப் புறணி எனப்படும். கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட், அறுவைச் சிகிச்சையின்போது விழித்திருந்த நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டு ஆராய்ந்தார். ஓரிடத்தைத் தொட்டால் கால் அசைந்தது. வேறோரிடத்தைத் தொட்டால் விரல் அசைந்தது. இவ்வாறு அவர் மூளையில் ஓர் உடல் வரைபடத்தைக் கண்டறிந்து 1937ஆம் ஆண்டு வெளியிட்டார். அந்த வரைபடத்தில் முதுகுக்குச் சிறிய இடமே உண்டு. கைக்கும் வாய்க்கும் மிகப் பெரிய இடம் உண்டு. நுண்ணிய வேலை செய்யும் உறுப்புக்கு மூளையில் பரந்த இடம் தேவைப்படுகிறது.

இயக்கப் புறணியிலிருந்து புறப்படும் நரம்பிழைகளுள் பெரும்பாலானவை, மூளைத்தண்டின் அடிப்பகுதியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குக் கடக்கின்றன. எனவே, இடப்பக்க மூளை வலக்கையையும் வலப்பக்க மூளை இடக்கையையும் இயக்குகின்றன. தாத்தாவின் வலக்கை விழுந்துவிட்டது என்றால், பழுது அவரது மூளையின் இடப்பக்கத்தில் இருக்கும் என்று மருத்துவர் எதிர்பார்ப்பார்.

மூளையின் இரு பாதிகளும் தனித்தனியே இயங்குவதில்லை. ஒன்று வேலை செய்யும்போது மற்றொன்றைச் சற்றே அடக்கி வைக்கும். ஊஞ்சல் பலகையின் இரு முனைகளைப் போல் அவை சமநிலையில் இருக்கும். பக்கவாதத்தால் ஒரு பாதி தளர்ந்தால் சமநிலை குலையலாம். நலமான பாதி கட்டுப்பாடின்றி ஓங்கி, ஏற்கெனவே தளர்ந்த பாதியை மேலும் அடக்கலாம். இக்கருத்திலிருந்துதான் காந்தத் தூண்டல் சிகிச்சை பிறந்தது.

காந்தம் எவ்வாறு மூளையைத் தொடுகிறது?

1831ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபாரடே, அறிவியல் பாடத்தில் நாம் படிக்கும் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். கம்பிச் சுருளின் அருகே காந்தப்புலம் மாறும்போது கம்பியில் மின்னோட்டம் பிறக்கிறது. இங்கே ‘மாறும்போது’ என்பதே முதன்மையான சொல். காந்தம் அசையாமல் இருந்தால் மின்னோட்டம் பிறக்காது.

நரம்பணுக்களும் மின்குறிப்புகள் வழியாகவே பேசிக்கொள்கின்றன. அப்படியானால், தலைக்கு வெளியே காந்தப்புலத்தை விரைந்து மாற்றி, மூளைக்குள் மின்னோட்டத்தைத் தூண்ட முடியாதா? இக்கேள்விக்கு 1985ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஆன்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் விடை கண்டனர். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பு, தலைத்தோலின் வழியாக நேரடியாக மின்சாரம் செலுத்தி மூளையைத் தூண்டலாம் என்று வேறு இருவர் காட்டியிருந்தனர். ஆனால், அம்முறை வலி மிகுந்தது. பார்க்கரின் முறையில் ஒரு கம்பிச்சுருளைத் தலைமீது வைத்தார்கள். ‘டக்’ என்ற ஒலி கேட்டது. எதிர்ப்பக்கக் கை வலியின்றித் துடித்தது.

இன்று பயன்படும் கருவியின் சுருள், பெரும்பாலும் ‘8’ என்ற எண்ணின் வடிவில் இருக்கும். இரு வளையங்களும் சேரும் நடுப்புள்ளியில் தூண்டல் மிகுதியாக இருப்பதால், குறிப்பிட்ட இடத்தைத் தேர்ந்து தூண்ட இவ்வடிவம் உதவுகிறது. கருவியில் சேமித்து வைத்த மின்சாரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் சுருளின் வழியாகப் பாய்கிறது. அப்போது ஏறக்குறைய 2 டெஸ்லா அளவுள்ள காந்தப்புலம் தோன்றி மறைகிறது. மண்டையோட்டை அது தடையின்றிக் கடந்து, சில சென்டிமீட்டர் ஆழம் வரையுள்ள நரம்பணுக்களைத் தூண்டுகிறது. இயக்கப் புறணி மூளையின் மேற்பரப்பிலேயே இருப்பதால் இந்த ஆழம் போதுமானது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இரவுச் சந்தையில் விற்கப்படும் காந்த வளையலும் காந்தப் படுக்கையும் இச்சிகிச்சையோடு தொடர்பில்லாதவை. அவற்றின் காந்தப்புலம் மிக வலுக்குறைந்தது, மாறாதது. ஃபாரடே கண்ட விதியின்படி, மாறாத காந்தம் நரம்பில் மின்னோட்டத்தை உண்டாக்காது. பக்கவாதத்தைக் குணப்படுத்தும் என்று கூறி யாரேனும் அவற்றை விற்றால், தாத்தாவின் ஓய்வூதியத்தை அவற்றுக்குச் செலவிட வேண்டியதில்லை.

சிகிச்சை நடைபெறும் முறை

நோயாளி சாய்வு நாற்காலியில் அமர்வார். சுருள் எழுப்பும் ஒலியிலிருந்து காதைக் காக்கச் செவியடைப்பான் தரப்படும். மருத்துவர் முதலில் சுருளை நகர்த்தி நகர்த்திப் பெருவிரல் துடிக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார். பத்து முறை தட்டினால் ஐந்து முறையாவது தசை மறுமொழி தரும் மிகக் குறைந்த வலிமை எது என்பதையும் அளப்பார். அந்த அளவை வைத்தே அவருக்குரிய சிகிச்சையின் வலிமை முடிவு செய்யப்படும்.

தட்டும் வேகத்தைப் பொறுத்து விளைவு மாறுகிறது. நொடிக்கு ஒரு முறை மெதுவாகத் தட்டினால், அந்தப் பகுதியின் எழுச்சி பொதுவாகச் சற்று அடங்கும். நொடிக்கு ஐந்து முறை அல்லது அதற்கு மேல் விரைவாகத் தட்டினால் எழுச்சி கூடும். ஆகவே, ஓங்கி நிற்கும் நலமான பாதியை மெதுவாகத் தட்டி அடக்கலாம். அல்லது தளர்ந்த பாதியை விரைவாகத் தட்டி எழுப்பலாம். நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் 20 நிமிடம் தட்டினால் 1,200 தட்டுகள் ஆகும். சிகிச்சை ஒரே நாளில் முடிவதில்லை. பல அமர்வுகளாகத் தொடரும். ஒவ்வோர் அமர்வுக்குப் பின்பும் கைப்பயிற்சி கட்டாயம் உண்டு.

இச்சிகிச்சை எல்லார்க்கும் ஏற்றதன்று. தலைக்குள் உலோகப் பொருள் பொருத்தப்பட்டவர்களும், உட்செவிக் கருவி வைத்திருப்பவர்களும் பொதுவாக இதனைத் தவிர்க்க வேண்டும். இதயமுடுக்கி உடையவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தலைவலி சிலருக்கு வரலாம். மிக அரிதாக வலிப்பும் வரலாம்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

ஜப்பானின் தோக்கியோ நகரிலுள்ள ஜிக்கெய் பல்கலைக்கழக மருத்துவர்கள், காந்தத் தூண்டலையும் தீவிரக் கைப்பயிற்சியையும் இணைத்து 15 நாள் சிகிச்சைத் திட்டம் ஒன்றை உருவாக்கினர். அதில் பங்கேற்ற பலரது கை அசைவு மேம்பட்டது. ஆனால், காந்தம் இல்லாமல் பயிற்சி மட்டும் செய்த ஒப்பீட்டுக் குழு அத்திட்டத்தின் பெரிய ஆய்வில் இடம்பெறவில்லை. எனவே, முன்னேற்றம் காந்தத்தால் வந்ததா, பயிற்சியால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இந்த ஐயத்தைத் தீர்க்க, அமெரிக்காவில் 12 மையங்களில் ஓர் ஆய்வு நடைபெற்றது. அதன் முடிவு 2018ஆம் ஆண்டு வெளிவந்தது. பக்கவாதம் வந்து 3 முதல் 12 மாதம் ஆன 199 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு குழுவினருக்கு உண்மையான காந்தத் தூண்டல். மற்றொரு குழுவினருக்குப் போலித் தூண்டல். இரு குழுவினரும் ஒரே வகைக் கைப்பயிற்சியை 18 அமர்வுகளில் செய்தனர். ஆறு மாதம் கழித்து அளந்தபோது, உண்மைத் தூண்டல் பெற்றவர்களில் 67 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டிருந்தனர். போலித் தூண்டல் பெற்றவர்களிலோ 65 விழுக்காட்டினர்! இரண்டிற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இம்முடிவைக் கண்டு மனம் தளர வேண்டுமா? வேண்டியதில்லை. அதனை மறுமுறை நோக்குங்கள். இரு குழுவிலும் மூவரில் இருவர் அளவுக்கு முன்னேறியுள்ளனர். பக்கவாதம் வந்து சில மாதங்கள் கடந்த பின்பும் கை மீள்கிறது என்பதற்கு இது சான்று. இரு குழுவுக்கும் பொதுவாக இருந்தது பயிற்சி. எனவே, காந்தம் பயிற்சிக்குத் துணையாகலாமே தவிர, பயிற்சிக்கு மாற்றாகாது. யாருக்கு, எப்போது, எந்த வேகத்தில் தட்டினால் அந்தத் துணை பயன் தரும் என்பதை ஆய்வாளர்கள் தொடர்ந்து தேடி வருகின்றனர்.

காந்தத் தட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. நியூசிலாந்து ஆய்வாளர்கள் அதனைச் சோதனைக் கருவியாகப் பயன்படுத்துகின்றனர். பக்கவாதம் வந்த சில நாள்களுக்குள், கை மிகவும் தளர்ந்திருப்பவரின் பழுதுற்ற பாதியைத் தட்டிப் பார்ப்பார்கள். கைத்தசை சிறிதேனும் மறுமொழி தந்தால், மூளையிலிருந்து கைக்குச் செல்லும் பாதை இன்னும் அறுந்துவிடவில்லை என்று பொருள். அவருக்குக் கை மீளும் வாய்ப்பு அதிகம். இதை முன்பே அறிந்தால் அவரவர்க்கு ஏற்ற பயிற்சியைத் திட்டமிடலாம்.

ஒரு கண்ணாடியும் ஒரு மேசையும்

விலையுயர்ந்த கருவி இல்லாமலும் மூளையைத் தூண்டலாம் என்று காட்டியவர்களுள் ஒருவர் தமிழர். தமிழ்நாட்டில் 1951ஆம் ஆண்டு பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். இராமச்சந்திரன் அமெரிக்காவில் மூளை ஆய்வாளராகப் புகழ் பெற்றார். கையை இழந்தவர்கள், இல்லாத கையில் வலியை உணர்வதைப் போக்க அவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பயன்படுத்தினார். அதே உத்தியைப் பக்கவாதத்திற்கும் பயன்படுத்தி, அவரும் பிற ஆய்வாளர்களும் ஒன்பது நோயாளிகளிடம் செய்த சிறிய ஆய்வை 1999ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

முறை எளியது. மேசையின் நடுவே கண்ணாடியை நிமிர்த்தி வைக்க வேண்டும். தளர்ந்த கை கண்ணாடியின் பின்னால் மறைந்திருக்கும். நலமான கையை அசைத்தபடி கண்ணாடியில் பார்த்தால், தளர்ந்த கையே அசைவதுபோல் தோன்றும். கண் காணும் அக்காட்சி மூளையின் இயக்கப் பகுதிக்குத் தூண்டுதலாகிறது. பின்னர் நடந்த பல ஆய்வுகளும் இம்முறை, வழக்கமான பயிற்சியுடன் சேரும்போது ஓரளவு பயன் தருவதாகக் காட்டியுள்ளன. இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை கற்றுக்கொண்டால், தோட்ட வீட்டின் முன்கூடத்திலேயே இதனைத் தொடரலாம்.

நம் மாநிலத்திலும் உதவி உண்டு. மலாக்காவில் 2014ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெர்கேசோ துன் ரசாக் மறுவாழ்வு மையம், காப்புறுதி பெற்ற தொழிலாளர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கிறது. உறுப்பை அசைக்கத் துணைசெய்யும் இயந்திர மனிதக் கருவிகளும் அங்கு உள்ளன. பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ 1996ஆம் ஆண்டு நிறுவிய மலேசியத் தேசியப் பக்கவாதச் சங்கமும் மலாக்காவில் ஒரு மையத்தை நடத்துகிறது. அரசு மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவமும், அன்றாட வேலைகளை மீண்டும் பழக்கும் செயல்வழி மருத்துவமும் கிடைக்கின்றன.

மீண்டும் அந்த இல்லத்திற்கு வருவோம். தாத்தா உரிய நேரத்தில் மருத்துவமனை சென்று வீடு திரும்பிவிட்டார். வலக்கை இன்னும் முழுமையாக எழவில்லை. “காந்தம் வைத்தால் கை வந்துவிடுமாமே, உண்மையா?” என்று பேத்தியிடம் கேட்கிறார். அவள் பொய்யான நம்பிக்கையையும் தரக்கூடாது; உள்ள நம்பிக்கையையும் பறிக்கக்கூடாது. “காந்தம் மட்டும் போதாது தாத்தா. அது உங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேட்போம். இப்போது இந்தத் துணியை மடியுங்கள். நான் எண்ணுகிறேன்” என்கிறாள்.

முதல் நாள் துணி சுருண்டே கிடக்கும். பத்தாம் நாள் ஒரு மடிப்பு விழலாம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் பழமொழி. அன்று இருளில் ஆயிரமாயிரம் முறை பட்டையைச் சீவித்தான் அக்கை தன் திறனைக் கற்றது. இன்றும் அதே வழியில்தான் அது மீண்டும் கற்க வேண்டும். அருகில் அமர்ந்து, சலிப்பின்றி எண்ணிச் சொல்ல ஒருவர் இருந்தால் அந்தக் கல்வி எளிதாகும். அந்த ஒருவராக நீங்களும் இருக்கலாம்.